நெப்ராஸ்காவின் ஒரு சின்னக் கிராமத்தில் யார் யார் இருக்கிறார்கள்? இனவாரி அட்டவணையை வாசிப்பது எப்படி?

கேள்வி இது: மகளுக்கு அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தின் வடகிழக்குப் பக்கம் ஒரு கிராமத்து மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. ஊரைப் பற்றித் தேடினால் முதலில் வந்து நிற்பது இனவாரிச் சதவீதம். வெள்ளையர் இத்தனை, கறுப்பர் இத்தனை, பூர்வகுடிகள் இத்தனை, ஆசியர் இத்தனை, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனத்தவர் இத்தனை. அதற்குக் கீழே தனியாக ‘எந்த இனத்தவராயினும் ஹிஸ்பானிக்’ (ஸ்பானிஷ் மொழி பேசும் நாடுகளின் வழிவந்தவர்) என்று இன்னொரு எண். எல்லாவற்றையும் கூட்டினால் நூறைத் தாண்டுகிறது. அதே மாவட்டத்தில் பக்கத்துக் கிராமத்தைப் பார்த்தால் கணக்கு அப்படியே தலைகீழ். ஆயிரம் பேர் இருக்கும் ஊருக்கு இவ்வளவு விவரம் எதற்கு, இதை நம்பலாமா, நம்மவர்கள் இதில் எங்கே வருவார்கள்?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த அட்டவணையில் பாதி ஊரைப் பற்றியது, மீதிப் பாதி சென்சஸ் படிவத்தைப் பற்றியது. ஊர் ஏன் அப்படி அமைந்தது என்று தெரிய வேண்டுமானால் சதவீதத்தை விட்டுவிட்டு நிலத்தின் கதையைப் பார்க்க வேண்டும். உங்கள் மகள் போகும் பகுதிக்கு இது ரொம்பவே பொருந்தும்.

‘கிராமம்’ என்பதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அங்கே அது சட்டப்படி ஒரு உள்ளாட்சி வகை. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். நெப்ராஸ்காவில் 100 முதல் 800 பேர் வரை உள்ள ஊர் கிராமமாகப் பதிவு செய்துகொள்ளலாம். 800ஐத் தாண்டிய பிறகும் கிராமமாகவே தொடர வழியுண்டு. ஒஹாயோவில் 5,000 பேரைத் தொட்டால் ஊர் நகரமாகிவிடும். இல்லினாய்ஸில் சிகாகோவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஷாம்பர்க்கில் 78 ஆயிரம் பேர் வசிக்கிறார்கள், இந்தியக் கடைகளுக்கும் பஞ்சமில்லை, அதுவும் சட்டப்படி ‘கிராமம்’தான். ஆகவே இரண்டு ‘கிராமங்களின்’ சதவீதங்களை ஒப்பிடும் முன் தலைக்கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

கூட்டினால் நூறைத் தாண்டுவதற்குக் காரணம் எளிது. அமெரிக்க சென்சஸ் இரண்டு தனித்தனிக் கேள்விகள் கேட்கிறது. ஒன்று, நீங்கள் ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ மரபினரா? இன்னொன்று, உங்கள் இனம் என்ன? முதல் கேள்விக்கு ஆம் என்றவரும் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். மெக்ஸிகோவிலிருந்து வந்த ஒருவர் வெள்ளையர் என்றும் குறிக்கலாம், பூர்வகுடி என்றும் குறிக்கலாம், ‘வேறு இனம்’ என்றும் குறிக்கலாம். அதனால் இனப் பட்டியல் தனியே நூறு ஆகும், ஹிஸ்பானிக் எண் அதன் மேல் படியும். இந்த ஏற்பாடு 1977இல் மத்திய அரசின் பட்ஜெட் அலுவலகம் போட்ட விதியிலிருந்து வருவது. 1997இல் அதைத் திருத்தி ஐந்து அடிப்படை இனங்கள் என்று வகுத்தார்கள்: வெள்ளையர், கறுப்பர், அமெரிக்கப் பூர்வகுடிகளும் அலாஸ்கா பூர்வகுடிகளும், ஆசியர், ஹவாய் மற்றும் பசிபிக் தீவினர். சென்சஸ் தன் பங்குக்கு ‘வேறு இனம்’ என்று ஆறாவது ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. 2000ஆம் ஆண்டிலிருந்து ஒருவர் ஒன்றுக்கு மேல் குறிக்கலாம். ஆறு பெட்டிகள் என்றால் 63 விதமான சேர்க்கைகள். ஆயிரம் பேர் உள்ள கிராமத்துக்கும் இந்த 63 கட்டங்களும் அட்டவணையில் உண்டு. பெரும்பாலானவை காலியாகத்தான் இருக்கும், அது வேறு விஷயம்.

2010க்கும் 2020க்கும் ஒப்பிட்டால் கிட்டத்தட்ட எந்த ஊரைப் பார்த்தாலும் ‘இரண்டு அல்லது மேற்பட்ட இனம்’ திடீரென்று எகிறியிருக்கும். நாடு முழுக்க அது 2.9 சதவீதத்திலிருந்து 10.2 சதவீதமானது. பத்தே ஆண்டில் அத்தனை கலப்புத் திருமணங்களா என்று கேட்டால், இல்லை. 2020இல் வெள்ளையர், கறுப்பர் பெட்டிகளுக்குக் கீழேயும் ‘உங்கள் மூதாதையர் எங்கிருந்து வந்தவர்கள்’ என்று எழுதச் சொன்னார்கள். 2010இல் எழுதியதில் முதல் 30 எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், 2020இல் 200 எழுத்துகள் வரை எடுத்துக்கொண்டார்கள். ‘வெள்ளையர்’ என்று குறியிட்டு, கீழே ‘மெக்ஸிகன்’ என்று எழுதியவர் இப்போது வெள்ளையர், வேறு இனம் என்று இரண்டிலும் விழுந்தார். ஹிஸ்பானிக் மக்களில் 2010இல் பாதிக்கு மேல் ‘வெள்ளையர் மட்டும்’ என்றிருந்தது, 2020இல் அது 20 சதவீதமாகச் சரிந்தது. மனிதர்கள் அப்படியேதான் இருக்கிறார்கள், குறித்துக்கொண்ட விதம்தான் மாறியது. ஆகவே ‘இந்த ஊரில் வெள்ளையர் வேகமாகக் குறைகிறார்கள்’ என்று யாராவது இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துப் பேசினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. இன்றைக்கு இனம் என்பது அவரவர் சொல்வது. 1960 வரை அப்படி இல்லை. வீட்டுக்கு வந்த கணக்கெடுப்பாளர்தான் பார்த்து எழுதினார். 1930ஆம் ஆண்டின் விதிமுறை கேட்டால் தலை சுற்றும். கறுப்பின இரத்தம் எவ்வளவு குறைவாகக் கலந்திருந்தாலும் அவர் கறுப்பர். வெள்ளையரும் பூர்வகுடியும் கலந்தவர் என்றால் பூர்வகுடி என்று எழுத வேண்டும். ஆனால் அந்த இரத்தம் மிகக் குறைவாக இருந்து, ஊரார் அவரை வெள்ளையராகவே ஏற்றுக்கொண்டிருந்தால் வெள்ளையர். அதாவது ஊர்ப் பேச்சுதான் அளவுகோல். சின்னக் கிராமத்தில் கணக்கெடுப்பவரும் உள்ளூர்க்காரர் என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் மகள் போகும் பக்கம் வருவோம். நெப்ராஸ்காவின் வடகிழக்கில், மிசௌரி ஆற்றை ஒட்டி தர்ஸ்டன் என்று ஒரு கவுண்டி, அதாவது மாவட்டம். மொத்தமே ஏழாயிரம் பேருக்கும் குறைவு. அதில் பாதிக்கு மேல் பூர்வகுடிகள். மாநிலத்தில் இப்படி வேறு கவுண்டி கிடையாது. கிழக்கே வின்னிபேகோ, வால்ட்ஹில் என்ற கிராமங்களில் பூர்வகுடிகள் பெரும்பான்மை. மேற்கே பெண்டர் என்ற கிராமம், கவுண்டியின் தலைமையிடம், ஆயிரத்துச் சொச்சம் பேர். அங்கே பெரும்பான்மை வெள்ளையர். நீங்கள் பார்த்த ‘தலைகீழ்’ பெரும்பாலும் இதுதான்.

காரணம் ஒரு ரயில் பாதை. ஒமாஹா பழங்குடியினர் 1854இல் அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் செய்து, தங்கள் பரந்த நிலத்தை விட்டுக்கொடுத்து, சுமார் 3 லட்சம் ஏக்கரைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். 1865இல் அதன் வடபகுதியை அரசு திரும்ப வாங்கி வின்னிபேகோ மக்களுக்குக் கொடுத்தது. இந்த வின்னிபேகோ மக்கள், தங்களை ஹோ-சங்க் என்று சொல்லிக்கொள்பவர்கள், விஸ்கான்சின் பக்கத்துக்காரர்கள். அங்கிருந்து அயோவாவுக்கும், பிறகு மினசோட்டாவில் இரண்டு இடங்களுக்கும் துரத்தப்பட்டார்கள். 1862இல் மினசோட்டாவில் டகோடா பழங்குடியினர் போர் தொடுத்தபோது இவர்களுக்கு அதில் பங்கில்லை. ஆனாலும் அடுத்த ஆண்டே இன்றைய தெற்கு டகோடா மாநிலத்தின் க்ரோ க்ரீக் பொட்டல் காட்டுக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள். பட்டினியிலும் நோயிலும் செத்தவர்கள் போக மிச்சம் பேர் மிசௌரி ஆற்றோடு இறங்கி ஒமாஹாக்களிடம் வந்து தஞ்சம் புகுந்தார்கள். இன்றைய அட்டவணையில் வின்னிபேகோ கிராமத்துக்கு எதிரே ‘பூர்வகுடிகள்’ என்றிருக்கும் ஒற்றை எண்ணுக்குள் இவ்வளவும் இருக்கிறது. அந்த மண்ணுக்கு அவர்கள் வந்தே 160 ஆண்டுதான் ஆகிறது. பக்கத்திலிருக்கும் ஒமாஹாக்களும் அதே பெட்டிக்குள்தான், ஆனால் வேறு மக்கள், வேறு மொழி, வேறு ஒப்பந்தம், வேறு பழங்குடி அரசு.

பெண்டருக்கு வருவோம். 1880களின் தொடக்கத்தில் ஒமாஹா நிலத்தின் ஊடாக ஒரு ரயில் பாதை போடப்பட்டது. 1882இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது: பாதைக்கு மேற்கே உள்ள 50,157 ஏக்கர் வரை அளந்து குடியேறிகளுக்கு விற்கலாம், வரும் பணம் ஒமாஹாக்களின் கணக்குக்குப் போகும். 1884 ஏப்ரலில் விற்பனை திறந்தது. டபிள்யூ. ஈ. பீபிள்ஸ் என்ற வெள்ளையர் 160 ஏக்கர் வாங்கி, தெரு போட்டு மனை பிரித்தார். அந்த லேஅவுட்தான் பெண்டர். ஒமாஹாக்களில் பெரும்பாலோர் பாதைக்குக் கிழக்கே நிலம் எடுத்துக்கொண்டார்கள். மேற்கே எடுத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அன்றிலிருந்து இன்றுவரை பெண்டரின் அட்டவணை கிட்டத்தட்ட அந்தக் கோட்டின்படிதான் நிற்கிறது.

கதை அங்கே முடியவில்லை. 2006இல் ஒமாஹா பழங்குடி அரசு, தன் எல்லைக்குள் மது விற்பவர்கள் உரிமம் எடுக்க வேண்டும், 10 சதவீதம் வரி கட்ட வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. பெண்டர் கடைக்காரர்களையும் சேர்த்துத்தான். ‘நாங்கள் உங்கள் எல்லைக்குள்ளேயே இல்லை, 1882லேயே இந்த நிலம் கைமாறிவிட்டது, நூற்றாண்டுக்கு மேல் இங்கே நாங்கள்தான் இருக்கிறோம், ஒமாஹாக்கள் யாரும் இல்லை’ என்று கிராமமும் கடைக்காரர்களும் வழக்குப் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2016 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் எட்டுப் பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: 1882 சட்டத்தின் சொற்கள் நிலத்தை விற்க அனுமதித்தனவே தவிர எல்லையைச் சுருக்கவில்லை. அங்கே இப்போது யார் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பதை வைத்து அந்தச் சொற்களை மாற்றிப் படிக்க முடியாது. எனவே பெண்டர் இன்றும் ஒமாஹா பழங்குடி நிலத்துக்குள் இருக்கும் கிராமம். வரியை வசூலிக்க முடியுமா என்ற கேள்வியை மட்டும் நீதிமன்றம் தொடாமல் விட்டுவிட்டது.

ஆயிரம் பேர் ஊருக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் இந்த மாதிரி வழக்குகளில் இருக்கிறது. 1984இல் தெற்கு டகோடாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், பழங்குடி நிலத்தின் எல்லை சுருங்கியதா என்று முடிவு செய்ய அங்கே யார் குடியேறினார்கள் என்பதையும் ஒரு தடயமாகப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருந்தது. அதை நம்பித்தான் பெண்டர்காரர்கள் போனார்கள். இன்னொரு பயன் தேர்தல் தொகுதி. தர்ஸ்டன் கவுண்டியில் பூர்வகுடிகளின் வாக்கைத் தொகுதிக் கோடு நீர்த்துப்போகச் செய்கிறது என்று வழக்கு வந்தது. கவுண்டி வாரியம், ஒரு பள்ளி வாரியம் இரண்டிலும் பூர்வகுடிகள் பக்கம் தீர்ப்பாகி, 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அங்கே ஆதாரமாக நின்றது இதே சென்சஸ் எண்தான். ஒரு தெருவில் எத்தனை பூர்வகுடிகள் என்பது தெரியாமல் அப்படிப்பட்ட வழக்கை நடத்தவே முடியாது.

வால்ட்ஹில் பற்றியும் ஒரு வார்த்தை. 1906இல் ரயில் கம்பெனி மனை போட்டு வெள்ளையர்களுக்கு விற்ற ஊர் அது. இன்றைக்கு அங்கே பெரும்பான்மை ஒமாஹாக்கள். அந்த ஊரில் ஒரு பழைய மருத்துவமனைக் கட்டடம் இருக்கிறது, 1913இல் திறந்தது. கட்டியவர் சூசன் லாஃப்ளெஷ் பிகாட், அமெரிக்கப் பூர்வகுடிகளில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண். பிலடெல்ஃபியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் 1889இல் படித்து முடித்தார். அதே கல்லூரியில் மூன்று ஆண்டு முன்னால், 1886இல், நம் ஆனந்திபாய் ஜோஷி பட்டம் வாங்கினார். உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள், அந்தப் பக்கம் போனால் அவர் பார்க்க வேண்டிய இடம்.

சூசனைச் சும்மா இழுக்கவில்லை. அவருடைய அப்பா ஜோசஃப் லாஃப்ளெஷ் பிரெஞ்சு வணிகர் ஒருவருக்கும் பொங்கா பழங்குடிப் பெண்ணுக்கும் பிறந்தவர். ஒமாஹா தலைவராகத் தத்தெடுக்கப்பட்டவர். அம்மா மேரி கேல் ஒரு வெள்ளைக்கார ராணுவ மருத்துவரின் மகள், அவருடைய அம்மா பூர்வகுடிப் பெண். கணவர் ஹென்றி பிகாட் சியூ பழங்குடி மரபும் பிரெஞ்சு மரபும் கலந்தவர். இன்றைய படிவத்தில் இவர் இரண்டு பெட்டிகளில் குறியிட்டிருந்தால் ‘இரண்டு அல்லது மேற்பட்ட இனம்’ என்ற வரிசைக்குப் போயிருப்பார். ஒன்றில் மட்டும் குறியிட்டிருந்தால் ‘பூர்வகுடி மட்டும்’. 1900, 1910 கணக்கெடுப்புகளிலோ பூர்வகுடிகளுக்கென்று தனி ஏடு வைத்து, ஒவ்வொருவர் உடம்பிலும் வெள்ளை இரத்தம் எத்தனை பங்கு என்று பின்னமாக எழுதச் சொன்னார்கள். ஒரே பெண், மூன்று விதமான விடை.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. சென்சஸில் பூர்வகுடி என்று குறிப்பது வேறு, பழங்குடி அரசின் உறுப்பினர் பதிவேட்டில் பெயர் இருப்பது வேறு. முதலாவதற்கு யார் வேண்டுமானாலும் குறியிடலாம். இரண்டாவதற்கு வம்சாவழிச் சான்று வேண்டும், பல பழங்குடிகளில் இத்தனை பங்கு இரத்தம் என்ற வரம்பும் உண்டு. ஆகவே ‘கிராமத்தில் பூர்வகுடிகள் இத்தனை பேர்’ என்பதும் ‘பழங்குடி உறுப்பினர் இத்தனை பேர்’ என்பதும் பொருந்தாமல் போவது சகஜம்.

இனி வெள்ளையர் என்ற பெட்டி. அதற்குள் என்ன இருக்கிறது என்பதை அட்டவணை வெளியே சொல்வதில்லை. நெப்ராஸ்காவின் கிராமங்களில் ஜெர்மானியர், செக், டேனிஷ், ஸ்வீடிஷ், ஐரிஷ் என்று ஊருக்கு ஊர் வேறுபடும். டேன்ப்ராக் என்ற கிராமத்துக்கு டென்மார்க் கொடியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு இதெல்லாம் ஆண்டுக்கொரு திருவிழா, ஒரு பலகாரம் என்ற அளவில் நிற்கிறது. ஆனால் ஒரு காலத்தில் ஜெயிலுக்கு அனுப்பும் அளவுக்குப் பெரிய வேறுபாடாக இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் 1919இல் நெப்ராஸ்கா ஒரு சட்டம் போட்டது: எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தவிர வேறு மொழி கற்பிக்கக் கூடாது. குறி ஜெர்மன் மொழிதான். ஹாம்ப்டன் என்ற கிராமத்தின் லூத்தரன் பள்ளியில் ராபர்ட் மேயர் என்ற ஆசிரியர், 1920 மே மாதம் ஒரு நாள், பத்து வயதுப் பையனுக்கு ஜெர்மன் பைபிள் கதை வாசிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். கவுண்டி வழக்கறிஞர் வகுப்பறைக்குள் வந்தார். 25 டாலர் அபராதம். மேயர் கட்ட மறுத்து வழக்கை நடத்தினார். 1923இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. பெற்றோர் தம் பிள்ளைக்கு எதைக் கற்பிப்பது என்ற உரிமை பற்றி அமெரிக்காவில் யார் வழக்குப் போட்டாலும் இன்றும் இந்தத் தீர்ப்பைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். ஹாம்ப்டனின் இனவாரிச் சதவீதத்தைப் பார்த்தால் வெள்ளையர் பெரும்பான்மை என்று ஒரு வரி. ஆசிரியர் மேயரும் வெள்ளையர், உள்ளே நுழைந்த வழக்கறிஞரும் வெள்ளையர்.

மூதாதையர் நாடு எது என்ற விவரம் வேண்டுமானால் சென்சஸ் அலுவலகம் ஆண்டுதோறும் நடத்தும் அமெரிக்கச் சமுதாய ஆய்வில் கிடைக்கும். ஆனால் அது மாதிரிக் கணக்கு. கிராமங்களுக்கு ஐந்து ஆண்டுத் தரவைச் சேர்த்துத்தான் மதிப்பீடு தருவார்கள், பக்கத்திலேயே பிழை வரம்பும் போட்டிருப்பார்கள். சின்ன ஊர்களில் அந்தப் பிழை வரம்பு எண்ணைவிடப் பெரிதாகவும் இருக்கும். பல இடங்களில் எண்ணை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு வரம்பை விட்டுவிடுகிறார்கள், அதுதான் தொல்லை.

சரி, பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் சென்சஸ் தலையெண்ணிக்கைதானே, அதையாவது அப்படியே நம்பலாமா? ஊர் சின்னதாக இருந்தால் அங்கேயும் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். இதற்கும் நெப்ராஸ்காவிலேயே உதாரணம் இருக்கிறது. பாய்ட் கவுண்டியில் மோனோவி என்று ஒரு கிராமம். 1930களில் 150 பேர் இருந்தார்கள். 2000இல் இரண்டு பேர், கணவனும் மனைவியும். 2004இல் கணவர் இறந்தார். 2010 கணக்கெடுப்பில் ஒரே ஒருவர். அந்த அம்மாதான் மேயர், அவரேதான் செயலாளர், பொருளாளர், மதுக்கடைக்காரர், கணவரின் புத்தகங்களை வைத்து நடத்தும் நூலகத்துக்கு நூலகர். தன் கடைக்கான மது உரிமத்தைத் தனக்குத்தானே வழங்கிக்கொள்வார். 2020 சென்சஸ் வந்தது. மோனோவி மக்கள்தொகை 2 என்றது. இரண்டாவது ஆள் யார் என்று பத்திரிகைக்காரர்கள் அவரிடம் கேட்டார்கள். அவருக்கே தெரியவில்லை. ஏனென்றால் அப்படி ஒருவர் இல்லவே இல்லை.

சென்சஸ் அலுவலகம் தெரிந்தேதான் அந்த எண்ணை மாற்றியது. தனிநபர் விவரத்தை வெளியே விடக்கூடாது என்பது அங்கே கடுமையான சட்டம். ஒருவர் மட்டுமே உள்ள ஊருக்கு வயது, பாலினம், இனம் என்று அட்டவணை போட்டால் அது அந்த ஒருவருடைய ஜாதகமாகிவிடும் அல்லவா? பெரிய ஊர்களிலும் சிக்கல் உண்டு. 2010இல் வெளியிட்ட அட்டவணைகளை மட்டும் வைத்துக் கணினியில் பின்னோக்கிக் கணக்குப் போட்டு, வெளிச் சந்தையில் கிடைக்கும் விவரங்களோடு பொருத்திப் பார்த்ததில் நாட்டு மக்களில் 17 சதவீதம் பேரை அடையாளம் காண முடிந்ததாக அந்த அலுவலகமே கண்டுபிடித்தது. அதன் பிறகு 2020இல் ஒவ்வொரு அட்டவணையிலும் கணித முறைப்படி சிறு சிறு பிழைகளைக் கலந்தார்கள். மாநில மொத்தத்தில் கைவைக்கவில்லை. அதற்குக் கீழே கவுண்டி, கிராமம், தெருக்கட்டம் எல்லாவற்றிலும் ஒன்றிரண்டு கூடியோ குறைந்தோ இருக்கும். நகரத்துக்கு இது தூசு. ஆயிரம் பேர் ஊரில் நான்கு பேர் உள்ள ஆசியர் வரிசைக்கு அப்படி இல்லை. நான்கு ஏழாகலாம், பூஜ்யமும் ஆகலாம்.

கலந்த பிழை போதாதென்று தானாக வந்த பிழையும் சேரும். 2020 கணக்கெடுப்பு முடிந்ததும் அதைச் சரிபார்க்க நடத்திய ஆய்வின்படி, பழங்குடி நிலங்களில் வாழும் பூர்வகுடிகள் 5.64 சதவீதம் பேர் விடுபட்டார்கள். ஹிஸ்பானிக் மக்களில் ஏறத்தாழ 5 சதவீதம், கறுப்பரில் 3.3 சதவீதம் விடுபட்டார்கள். ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையரும் ஆசியரும் உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே எண்ணப்பட்டார்கள். இவை நாடு முழுதுக்குமான கணக்குகள், ஆனால் வின்னிபேகோ, வால்ட்ஹில் மாதிரி ஊர்களின் எண்ணைப் பார்க்கும்போது மனதில் வைத்துக்கொள்ள வேண்டியவை.

ஒரு கட்டத்தில் பூஜ்யம் இருந்தாலும் அதற்குப் பின்னால் கதை இருக்கலாம். நெப்ராஸ்காவின் மணற்குன்றுப் பகுதியில், செர்ரி கவுண்டியில், 1907 வாக்கில் டிவிட்டி என்ற கறுப்பினக் குடியிருப்பு உருவானது. ஒரு குடும்பத்துக்கு 640 ஏக்கர் தரும் சட்டம் 1904இல் வந்திருந்தது, அதை நம்பிப் போனார்கள். பள்ளிக்கூடம், தேவாலயம், தபால் நிலையம் எல்லாம் இருந்தது. மணல் பூமி விவசாயத்துக்குக் கைகொடுக்கவில்லை. 1930களுக்குள் ஊரே காலி.

இனி உங்கள் வீட்டுக் கேள்வி: நம்மவர்கள். 1920, 30, 40 ஆகிய மூன்று கணக்கெடுப்புகளில் இந்தியாவிலிருந்து போனவர்களுக்கு ‘ஹிந்து’ என்று இனமே வைத்திருந்தார்கள். போனவர்களில் பெரும்பாலோர் பஞ்சாபிச் சீக்கியர்கள், அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. 1970இல் இந்தியர்களை வெள்ளையர் கணக்கில் சேர்த்தார்கள். அங்கிருந்த இந்தியர் அமைப்புகள் அரசிடம் முறையிட்ட பிறகு 1980இல் ‘ஆசிய இந்தியர்’ என்ற பெட்டி வந்தது. அதுதான் இன்றும் இருக்கிறது. கிராம அட்டவணையில் அது ‘ஆசியர்’ என்ற எண்ணில் அடங்கிவிடும். சீனர், வியட்நாமியர், ஃபிலிப்பைன்ஸ்காரர், நாம், எல்லாரும் ஒன்றாக. இலங்கைத் தமிழர் என்றால் ‘வேறு ஆசியர்’ என்று குறித்து நாட்டை எழுத வேண்டும். மகளிடம் ஒன்றைச் சொல்லிவைக்கலாம்: படிவத்தில் ‘அமெரிக்க இந்தியர்’ என்றிருப்பது பூர்வகுடிகளுக்கானது. அவசரத்தில் அதில் குறியிட்டுவிடும் நம்மவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அந்தக் கவுண்டியில் அது வெறும் தவறாக மட்டும் இருக்காது.

நெப்ராஸ்கா மாதிரி மாநிலத்தின் சிற்றூர்களில் ‘ஆசியர்’ கட்டத்தில் ஒன்றிரண்டு பேர் தெரிந்தால் அது நெடுஞ்சாலையோர மோட்டல் நடத்தும் குஜராத்திக் குடும்பமாகவோ வெளிநாட்டு மருத்துவராகவோ இருக்க வாய்ப்பு அதிகம். பரிமாற்ற விசாவில் பயிற்சி முடித்த வெளிநாட்டு மருத்துவர்கள் இரண்டு ஆண்டு நாடு திரும்ப வேண்டும் என்பது விதி. மருத்துவர் தட்டுப்பாடுள்ள ஊரில் மூன்று ஆண்டு வேலை செய்தால் அதிலிருந்து விலக்கு உண்டு. மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 பேர். உங்கள் மகளும் அந்த வழியாகப் போகிறார் என்றால், அடுத்த கணக்கெடுப்பில் அந்த ஊரின் ஆசியர் எண் அவரால் மட்டுமே மாறும்.

அடுத்த கணக்கெடுப்பு 2030 ஏப்ரல் 1. 2024 மார்ச்சில் அறிவித்த புதிய விதிப்படி இனம், ஹிஸ்பானிக் என்ற இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கி, ‘மத்தியக் கிழக்கு மற்றும் வட ஆப்பிரிக்கர்’ என்று புதுப் பெட்டியும் சேர்க்க வேண்டும். அது நடந்தால் நூறைத் தாண்டும் குழப்பம் வேறு வடிவம் எடுக்கும். 2020ஐ அதோடு நேருக்கு நேர் ஒப்பிட முடியாது.

ஊரைத் தெரிந்துகொள்ள இப்போதைக்கு நான் சொல்வது: கிராமத்தின் எண்ணைவிடக் கவுண்டியின் எண்ணைப் பாருங்கள், பிழை குறைவு. பள்ளி மாவட்டத்தின் மாணவர் கணக்கைப் பாருங்கள். அது ஆண்டுதோறும் வருவது, புதிதாகக் குடியேறும் குடும்பங்கள் முதலில் அங்கேதான் தெரியும். எந்தப் பழங்குடி நிலத்துக்குள் ஊர் இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். சாவகாசமாக உட்கார நேரமிருந்தால், தனிநபர் ஏடுகளை 72 ஆண்டு கழித்துத்தான் திறப்பார்கள் என்பதால் 1950 வரையிலானவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெண்டரோ வால்ட்ஹில்லோ, வீடு வீடாக, பெயர், வயது, பிறந்த ஊர், இனம், தொழில் எல்லாம் கணக்கெடுப்பாளரின் கையெழுத்தில் இருக்கும். 1960ஆம் ஆண்டு ஏடுகள் 2032 ஏப்ரலில் வரும்.